ரோபோவின் சக்கரம் சொன்னபடி கேட்கவில்லையா? அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

“சார், புதுச் சக்கரம் வாங்க வேண்டும்.” மாணவர்கள் பெரும்பாலும் இப்படித்தான் என்னிடம் பேச்சைத் தொடங்குகிறார்கள். மதுரையிலும் சுற்றுவட்டாரத்திலும் கல்லூரி விழாக்களில் நடக்கும் ரோபோப் போட்டிகளுக்கு அவர்களைத் தயார்செய்வது என் வேலை. வண்டியைக் கவிழ்த்து வைத்துப் பார்த்தால் குறை இரண்டு இடங்களில் ஒன்றில் இருக்கும்: சக்கரம் மோட்டாரின் ஷாப்டைப் (சுழலும் தண்டை) பிடிக்கும் இடம், இல்லையென்றால் சக்கரம் தரையைத் தொடும் இடம். பழைய சக்கரத்தைச் சரியாக மாற்றியமைத்தாலே பல வண்டிகள் ஓடிவிடும். ஆகவே பணத்தை எடுக்கும் முன் அறிகுறியைப் பாருங்கள்.

இங்கே நான் மனத்தில் வைத்திருப்பது மாணவர்கள் வழக்கமாகக் கட்டும் வண்டி: கியர்பாக்ஸோடு வரும் 12 வோல்ட் ஜான்சன் மோட்டார்கள், 6 மி.மீ. ஷாப்ட், 100 மி.மீ. சக்கரங்கள், நான்கைந்து கிலோ எடை. சோதிக்கப் பெரிய கருவிகள் தேவையில்லை. வெர்னியர் காலிபர், சமையலறை டிஜிட்டல் தராசு, அளவு நாடா, வெள்ளை மார்க்கர், கொஞ்சம் ஸ்பிரிட், பழைய பருத்தித் துணி ஆகியவை போதும். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும் செய்யுங்கள். இரண்டைச் சேர்த்துச் செய்தால் எது பலித்தது என்று கடைசிவரை தெரியாது.

மோட்டார் சுழல்கிறது, வண்டி நகரத் தயங்குகிறது

முதலில் ஷாப்டின் முனையிலிருந்து, சக்கரத்தை ஷாப்டோடு இணைக்கும் ஹப் வழியாகச் சக்கரம் வரை மார்க்கரால் ஒரே நேர்க்கோடு இழுங்கள். வண்டியைச் சுவரில் முட்டவைத்து இரண்டு விநாடி ஓட்டுங்கள். கோடு உடைந்திருந்தால் ஷாப்ட் உள்ளே தனியாகச் சுழல்கிறது. அப்படியானால் “சக்கரம் ஆடுகிறது” என்ற பகுதிக்குப் போய்விடுங்கள். கோடு முறியாமல் நின்றால் வழுக்கல் தரையில்தான்.

அடுத்து விரலால் சக்கரத்தின் மேற்பரப்பை அழுத்தித் தேயுங்கள். விரல் கறுத்தாலோ வெளுத்தாலோ அங்கேயே பாதி விடை கிடைத்துவிட்டது. நம் ஊரில் ஆடிக்காற்று அடிக்கும் மாதங்களில் எந்த அறையைப் பெருக்கினாலும் அரை மணி நேரத்தில் மண் படிந்துவிடும். ஒரு குழு வீட்டு வாசல் திண்ணையில் பயிற்சி செய்தது. காலைக் கோலத்தின் மாவு நான்கு சக்கரங்களிலும் மெல்லிய படலமாக ஏறியிருந்தது. அதை அவர்கள் கவனிக்கவே இல்லை. மோட்டாரை மாற்றும் அளவுக்குப் போய்விட்டார்கள். ஸ்பிரிட் நனைத்த துணியால் துடைத்ததும் வண்டி பழையபடி பாய்ந்தது. சிலிக்கான் சக்கரங்கள் தூசியை மற்றவற்றைவிட வேகமாக இழுத்துக்கொள்ளும். அவற்றை ஒவ்வோர் ஓட்டத்துக்கு முன்பும் துடைக்க வேண்டும். பெட்ரோலும் மண்ணெண்ணெயும் வேண்டாம். இயற்கை ரப்பர் அவற்றைக் குடித்து ஊதிவிடும்.

துடைத்த பிறகும் வழுக்கினால் எடையைப் பாருங்கள். ஒரு சக்கரத்தின் அடியில் தராசை வையுங்கள். மற்ற மூன்றின் அடியிலும் தராசின் உயரத்துக்கு அட்டைகளை அடுக்குங்கள். நான்கு சக்கரங்களுக்கும் இப்படித் தனித்தனியாக அளந்து எழுதிக்கொள்ளுங்கள். இதைச் செய்யாத குழுக்களே அதிகம், செய்த குழுக்கள் ஆச்சரியப்படாமல் இருந்ததில்லை. ஒரு கணக்குச் சொல்கிறேன். வண்டி 4 கிலோ, தரைப் பிடிமானத்தைக் காட்டும் எண்ணான உராய்வுக் கெழு 0.7 என்று வைத்துக்கொள்வோம். நான்கு சக்கரங்களும் மோட்டாரில் ஓடினால் வண்டி அதிகபட்சமாக 2.8 கிலோ விசையோடு தள்ளலாம். இரண்டு சக்கரங்களுக்கு மட்டும் மோட்டார் இருந்து, அவற்றின் மேல் பாதி எடைதான் நிற்கிறது என்றால் 1.4 கிலோ விசைதான். எவ்வளவு விலை கொடுத்துச் சக்கரம் வாங்கினாலும் இந்த இழப்பை ஈடுகட்ட முடியாது. பேட்டரியை ஓடும் சக்கரங்களின் மேல் நகர்த்தி வைப்பதற்குக் காசு செலவில்லை.

உராய்வுக் கெழுவை எப்படித் தெரிந்துகொள்வது? போட்டித் தளம் பெரும்பாலும் பிளைவுட் மேல் விரித்த ஃப்ளெக்ஸ். மதுரையில் ஃப்ளெக்ஸ் அச்சடிக்கும் கடை இல்லாத சாலை குறைவு. கழித்த துண்டு ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். அதை ஒரு பலகையில் அச்சுப் பக்கம் மேலே தெரியும்படி ஒட்டுங்கள். சக்கரங்கள் உருளாதபடி டேப் சுற்றிக் கட்டிவிட்டு வண்டியைப் பலகையில் நிறுத்தி, ஒரு முனையை மெதுவாகத் தூக்குங்கள். வண்டி சறுக்கத் தொடங்கும் நொடியில் நிறுத்துங்கள். தூக்கிய உயரத்தை, பலகை தரையில் அடைத்திருக்கும் கிடைநீளத்தால் வகுத்தால் வருவதுதான் உராய்வுக் கெழு. 35 பாகையில் சறுக்கினால் ஏறத்தாழ 0.7, 45 பாகைவரை தாங்கினால் 1. சக்கரத்தில் எந்த மாற்றம் செய்தாலும் முன்னும் பின்னும் இந்தச் சோதனையைச் செய்யுங்கள். “இப்போது நன்றாகப் பிடிக்கிறது போலிருக்கிறது” என்ற பேச்சை நான் ஏற்பதில்லை.

பிடிமானம் கூடக்கூட நல்லது என்றும் நினைக்க வேண்டாம். அதே 4 கிலோ வண்டியில் ஒரு சக்கரத்தின் பங்கு 0.7 கிலோ விசை. ஆரம் 5 செ.மீ. என்பதால் 3.5 கிலோ-செ.மீ. முறுக்குவிசை வந்தால் அந்தச் சக்கரம் வழுக்கும். உங்கள் மோட்டார் அதற்குமேல் தர முடிந்தால், எதிராளியின் மேல் முட்டி நிற்கும்போது சக்கரம் வழுக்கிச் சுழலும், மோட்டார் பிழைக்கும். தர முடியாவிட்டால் சக்கரம் பிடித்துக்கொண்டே நிற்கும், மோட்டார் நின்றுபோய் சூடேறும், மோட்டாருக்கு மின்சாரம் கொடுக்கும் டிரைவர் போர்டு புகையும். மோட்டாரின் வலிமை தெரியாமல் ஒட்டுரப்பர் சுற்றாதீர்கள்.

ரப்பர் சுற்றினேன், இரண்டு ஓட்டத்தில் உரிந்துவிட்டது

மதுரை ரப்பரோடு பழகிய ஊர். வி-பெல்ட் செய்யும் ஃபென்னர் ஆலை இங்கே இருக்கிறது; மேலூர்ச் சாலையில் வெள்ளரிப்பட்டியில் டி.வி.எஸ். ஸ்ரீசக்ரா டயர் செய்கிறது. ரப்பரில் கை வைத்து வாழ்ந்த பெரியவர்கள் பல தெருக்களில் இருக்கிறார்கள். அப்படி ஓய்வு பெற்ற ஒருவர் எங்கள் பட்டறைக்கு வந்தபோது, உரிந்த துண்டைக் கையில் வாங்கி, அதன் உட்புறத்தை நகத்தால் சுரண்டி, நகத்தைக் காட்டினார். நுனியில் வெள்ளைப் பொடி. டயர் டியூப் ஒன்றோடொன்று ஒட்டாமலிருக்க ஆலையிலேயே தூவும் டால்க் அது. பசை ரப்பரைப் பிடிக்கவில்லை, பொடியைத்தான் பிடித்திருந்தது.

சரியான முறை இதுதான். பழைய டியூபைச் சோப்பு நீரில் கழுவிக் காயவையுங்கள். 80-ஆம் எண் உப்புத்தாளால் ரப்பரையும் சக்கரத்தையும் பளபளப்புப் போகும்வரை தேயுங்கள். ஸ்பிரிட்டால் துடையுங்கள். பஞ்சர் கடையில் கிடைக்கும் சொல்யூஷனை இரண்டு பக்கமும் மெல்லிசாகத் தடவுங்கள். பொறுமை இழந்து உடனே ஒட்டிவிடுவதுதான் எல்லோரும் செய்யும் தவறு. விரல் வைத்தால் ஒட்டாத அளவுக்கு அது உலர்ந்த பிறகுதான் சேர்க்க வேண்டும். பிறகு கட்டிப் போட்டு ஓர் இரவு விடுங்கள். ஃபெவிகுவிக் போன்ற உடனடிப் பசை காய்ந்தால் கண்ணாடி மாதிரி இறுகிவிடும். சக்கரம் நெளியும்போது நொறுங்கிவிடும்.

இணைப்பே இல்லாமல் செய்ய முடிந்தால் இன்னும் நல்லது. டியூபைக் குறுக்காக வெட்டினால் முழு வளையம் கிடைக்கும். டியூபைத் தட்டையாக வைத்து அளந்த அகலத்தை இரண்டால் பெருக்கினால் வளையத்தின் சுற்றளவு. அது சக்கரத்தின் சுற்றளவில் 80 முதல் 90 சதவீதம் இருக்கும்படி டியூபைத் தேர்ந்தெடுங்கள். 100 மி.மீ. சக்கரத்தின் சுற்றளவு 314 மி.மீ.; ஆகவே தட்டை அகலம் 125 முதல் 140 மி.மீ. வரை. இழுத்து மாட்டினால் தன் இறுக்கத்திலேயே நிற்கும். பசை வெறும் துணைதான். துண்டாகச் சுற்றியே ஆக வேண்டும் என்றால் இரு முனைகளையும் சாய்வாகச் சீவி ஒன்றன்மேல் ஒன்று வையுங்கள். மேல் முனை, வண்டி முன்னோக்கிப் போகும்போது தரை அதை அமுக்கும் திசையில் இருக்க வேண்டும். எதிர்த்திசையில் வைத்தால் தரையே அதைக் கிளப்பிவிடும்.

சிலிக்கான் ஊற்றி வார்ப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. பிளாட்டினம் வகைச் சிலிக்கான் கந்தகத்தின் பக்கத்தில் இறுகாது. டியூப் ரப்பரிலும் லேடெக்ஸ் கையுறையிலும் கந்தகம் இருக்கிறது. டியூபின் மேலேயே வார்த்தால் அடிப்பகுதி நாட்கணக்கில் பிசுபிசுவென்று நிற்கும். சாதாரணப் பசை எதுவும் சிலிக்கானில் ஒட்டாது என்பதையும் நினைவில் வையுங்கள். அதற்குச் சிலிக்கான் பசைதான் வேண்டும்.

சக்கரம் ஆடுகிறது

“அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது” என்பது பழமொழி. நம் வண்டியில் அச்சாணியின் வேலையைச் செய்வது ஹப்பில் இருக்கும் சின்ன கிரப் ஸ்க்ரூ என்ற தலையில்லாத திருகு.

வண்டியைத் தூக்கி நிறுத்தி, சக்கரத்தின் விளிம்புக்கு அருகே ஒரு பென்சிலை அசையாமல் பிடித்து, சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். இடைவெளி பக்கவாட்டில் கூடிக் குறைந்தால் ஹப் சாய்ந்திருக்கிறது. மேலும் கீழும் கூடிக் குறைந்தால் துளை நடுவில் இல்லை. துளை அரை மி.மீ. விலகியிருந்தாலே ஒவ்வொரு சுற்றிலும் வண்டி 1 மி.மீ. ஏறி இறங்கும். கோடு பார்த்து ஓடும் ரோபோவில் சென்சார் தடுமாற இது போதும்.

ஹப்பைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஷாப்டும் சேர்ந்து ஆடினால் கியர்பாக்ஸின் பேரிங் அல்லது புஷ் தேய்ந்திருக்கிறது. மோட்டாரிலிருந்து தள்ளி, ஒரு பக்கம் மட்டும் தாங்கலோடு தொங்கும் சக்கரங்களில் இது சீக்கிரம் வரும். சக்கரத்தை மோட்டாரை ஒட்டி உள்ளே நகர்த்துங்கள். இடம் இருந்தால் வெளிப்பக்கத்திலும் ஒரு பேரிங் கொடுங்கள். ஷாப்ட் அசையாமல் ஹப் மட்டும் ஆடினால், ஸ்க்ரூ ஷாப்டின் தட்டைப் பக்கத்தில் அமர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். உருண்டைப் பக்கத்தில் அமர்ந்த ஸ்க்ரூவை எவ்வளவு முறுக்கினாலும் கழன்றுவிடும். தட்டைப் பக்கம் இல்லாத ஷாப்டில் அரத்தால் ஒரு தட்டை போடுங்கள். அப்போது கியர்பாக்ஸுக்குள் இரும்புத்தூள் போகாமல் துணியால் மூடிக்கொள்ளுங்கள். பிறகு திருகு கழலாமல் பிடிக்கும் பசையான நீல நிற லாக்டைட் ஒரு துளி விட்டு முறுக்குங்கள்.

துளையே பெருத்துப் போயிருந்தால் லேத் பட்டறைதான் வழி. கே.புதூர் தொழிற்பேட்டைக்கு ஒரு மாணவனை நான்கு சக்கரங்களோடு அனுப்பினேன். காகிதத்தில் “துளை 6 மி.மீ.” என்று எழுதிக் கொண்டுபோனான். லேத்தில் இருந்தவர் காகிதத்தைப் பார்க்கவில்லை. “மோட்டாரைக் கொண்டுவராமல் துளையை எப்படிப் போடுவது, தம்பி?” என்று திருப்பி அனுப்பிவிட்டார். மறுநாள் மோட்டார்களோடு நானும் போனேன். அவர் வெர்னியரில் ஷாப்டை அளந்தார்: 5.95. இன்னொன்று 5.92. பித்தளைக் கம்பியில் நான்கு புஷ்கள் கடைந்து, ஒவ்வொன்றையும் அதனதன் ஷாப்டிலேயே போட்டுப் பார்த்துத் தேய்த்தார். கடைசியில் புஷ்ஷை ஷாப்டில் நுழைத்து விரலை எடுத்தார். அது சட்டென்று விழாமல், மெல்ல நின்று நின்று இறங்கியது. அந்தப் பொருத்தம்தான் வேண்டும். எந்தச் சக்கரம் எந்த மோட்டாருக்கு என்று நான்கிலும் எண் எழுதிவைத்தோம்.

ரப்பர் மேற்பரப்பு மட்டும் கோணலாக இருந்தால் லேத் உளி உதவாது. மெத்தென்ற ரப்பர் உளிக்கு நெளிந்து கொடுத்துவிடும். சக்கரத்தை அதன் சொந்த மோட்டாரிலேயே சுழலவிட்டு, உப்புத்தாள் ஒட்டிய மரக்கட்டையை ஒரு முட்டுக் கொடுத்து மெதுவாக அணையுங்கள். மேடு மட்டும் தேய்ந்து வட்டம் வந்துவிடும். கண்ணாடியும் முகக்கவசமும் அணிந்துகொள்ளுங்கள். அந்தத் தூள் மிக நுண்ணியது.

நேராகப் போகச் சொன்னால் ஒரு பக்கம் இழுக்கிறது

இடது சக்கரங்களையும் வலது சக்கரங்களையும் மாற்றிப் போட்டு ஓட்டுங்கள். இழுக்கும் பக்கமும் மாறினால் குற்றவாளி சக்கரம். மாறாவிட்டால் மோட்டாரையும் பேரிங்கையும் எடைப் பங்கீட்டையும் பாருங்கள். பத்து நிமிட வேலை. இதற்கு முன்னால் நிரலில் கை வைக்காதீர்கள்.

விட்டத்தில் 1 மி.மீ. வித்தியாசம் என்றால் என்ன ஆகிவிடும் என்று கேட்பவர்களுக்கு: 100 மி.மீ. சக்கரத்தில் அது ஒரு சதவீதம். இரு பக்கச் சக்கரங்களுக்கும் இடையே 300 மி.மீ. என்றால் வண்டி 30 மீட்டர் ஆர வட்டத்தில் வளையும். 3 மீட்டர் போவதற்குள் 15 செ.மீ. விலகியிருக்கும். கையால் ரப்பர் சுற்றிய சக்கரங்களில் இந்த 1 மி.மீ. சாதாரணமாக வரும். வெர்னியரால் அழுத்தி அளந்தால் மெத்தென்ற ரப்பர் பொய் சொல்லும். முழு எடையோடு வண்டியைத் தரையில் நேராக உருட்டுங்கள். ஒவ்வொரு சக்கரமும் பத்துச் சுற்று சுற்ற எவ்வளவு தூரம் போகிறது என்று அளவு நாடாவில் பாருங்கள். பெரிய சக்கரத்தை மேலே சொன்ன உப்புத்தாள் முறையில் தேய்த்துச் சிறியதோடு சமமாக்குங்கள்.

ரப்பர் மாற்றியதிலிருந்து தூரக் கணக்கு தவறுகிறது

3 மி.மீ. ரப்பர் சுற்றினால் விட்டம் 106 ஆகிவிடுகிறது. 2 மீட்டர் போகச் சொன்ன வண்டி 2 மீட்டர் 12 செ.மீ. போகும். பத்துச் சுற்றுத் தூரத்தைப் பத்தால் வகுத்து, அந்தச் சுற்றளவை நிரலில் எழுதுங்கள். மோட்டார் தரும் தள்ளுவிசையும் ஏறத்தாழ ஆறு சதவீதம் குறையும் என்பதை மறக்க வேண்டாம்.

திரும்பும்போது துள்ளுகிறது, மோட்டார் சூடாகிறது

சித்திரைத் திருவிழாவில் மாசி வீதி முனையில் தேர் திரும்புவதைப் பார்த்திருப்பீர்கள். சக்கரங்கள் திசை மாறாதவை. முட்டுக்கட்டை போட்டு, இழுத்து, நிறுத்தி, மறுபடி இழுத்துத்தான் திருப்ப வேண்டும். நான்கு ரப்பர் சக்கரங்கள் உள்ள வண்டிக்கும் அதே நிலைதான். நின்ற இடத்தில் திரும்பும்போது ஒவ்வொரு சக்கரமும் பக்கவாட்டில் அரைபட்டாக வேண்டும். திருப்ப உதவுவது வண்டியின் அகலம். தடுப்பது முன்பின் சக்கரங்களுக்கிடையே உள்ள நீளம். நீளம் 350 மி.மீ., அகலம் 250 என்று கட்டிவிட்டு நல்ல பிடிமானமுள்ள ரப்பரும் போட்டால் வண்டி திரும்பாது, தவளை போலத் துள்ளும்.

முடிந்தால் சட்டகத்தை மாற்றி அகலத்தை நீளத்தைவிடக் கூட்டுங்கள். முடியாவிட்டால் முன் இரண்டையும், விளிம்பில் உள்ள சிறு உருளைகளால் பக்கவாட்டிலும் நகரும் ஓம்னி சக்கரங்களாக மாற்றுங்கள். அதன்பின் வண்டி பின் சக்கரங்களை மையமாக வைத்துத் திரும்பும். ஓட்டுபவர் இதற்குப் பழக வேண்டும். பக்கவாட்டில் யாராவது தள்ளினால் முன்பகுதி எளிதில் விலகும் என்பதால், மோதல் உள்ள போட்டிக்கு எனக்கு இந்த முறை பிடிப்பதில்லை. ஆறு சக்கர வண்டியில் நடுச் சக்கரங்களை 3 மி.மீ. தாழ்த்தி வைப்பதே மேல். ஒரு நேரத்தில் நான்குதான் தரையைத் தொடும், நீளம் பாதியாகிவிடும். போட்டிக்கு முந்தைய இரவில் நேரம் இல்லை என்றால் முன் சக்கரங்களின் மேல் இன்சுலேஷன் டேப் ஒரு சுற்று ஒட்டுங்கள். பார்க்க அழகாக இருக்காது, வண்டி திரும்பும்.

மெக்கானம் போட்டேன், பக்கவாட்டில் போகவில்லை

1970-களில் ஸ்வீடன் பொறியாளர் பெங்ட் இலான் கண்டுபிடித்த மெக்கானம் சக்கரத்தின் விளிம்பில் 45 பாகை சாய்வில் உருளைகள் இருக்கும். நான்கும் ஒரே மாதிரி அல்ல. இடச்சாய்வு இரண்டு, வலச்சாய்வு இரண்டு. மேலிருந்து பார்த்தால் உருளைகளின் சாய்வு நான்கும் சேர்ந்து பெருக்கல் குறி போலத் தெரிய வேண்டும். சாய்சதுரம் போலத் தெரிந்தால் மாற்றிப் பூட்டியிருக்கிறீர்கள். அப்போதும் வண்டி முன்பின்னாகவும் பக்கவாட்டிலும் போகும், ஆனால் நின்ற இடத்தில் திரும்பத் திணறும். நீளமும் அகலமும் சமமாக உள்ள வண்டி திரும்பவே திரும்பாது. இந்த ஒரு வித்தியாசத்தை வைத்தே நோயைக் கண்டுபிடித்துவிடலாம்.

பூட்டியது சரியாக இருந்தும் பக்கவாட்டில் போகாமல் கோணலாகப் போனால், ஒவ்வொரு சக்கரத்தின் அடியிலும் ஒரு காகிதத் துண்டைச் செருகி இழுங்கள். ஒன்று தடையில்லாமல் வந்துவிட்டால் அந்தச் சக்கரம் தரையை அழுத்தவில்லை, சட்டகம் முறுக்கியிருக்கிறது. மூலையின் போல்ட்டைத் தளர்த்தி, மட்டமான தரையில் வண்டியை அமர்த்தி, மறுபடி இறுக்குங்கள். உருளைகளையும் விரலால் ஒவ்வொன்றாகச் சுற்றிப் பாருங்கள். விலை குறைந்த சக்கரங்களில் தலைமுடியும் நூலும் உருளையின் அச்சில் சுற்றிக்கொண்டு அதை நிறுத்திவிடும். மெக்கானத்தின் உருளை மேல் மட்டும் டியூப் ரப்பர் ஒட்டாதீர்கள். பீப்பாய் போன்ற அந்த வளைவுதான் சக்கரத்தை வட்டமாக வைத்திருக்கிறது.

இங்கே ஓடியது, போட்டித் தளத்தில் ஓடவில்லை

தளத்தின் தூசி முதல் காரணம். பேட்டரி இரண்டாவது. மூன்று செல் லித்தியம் பாலிமர் பேட்டரி முழுதாக ஏறியதும் 12.6 வோல்ட் காட்டும். பயிற்சியில் பாதி இறங்கிய பேட்டரியோடு பழகியிருப்பீர்கள். அன்று புறப்படும்போது மோட்டார் வழக்கத்தைவிட வேகமாக உதைத்துச் சக்கரத்தை வழுக்கவிடும். நிரலில் வேகத்தை ஒரே அடியாகக் கொடுக்காமல் கால் விநாடியில் படிப்படியாக ஏற்றுங்கள்.

மூன்றாவது காரணம் பயணம். மெத்தென்ற சக்கரங்கள் ஓர் இரவு முழுவதும் எடையைத் தாங்கி நின்றால் அடியில் தட்டையாகிவிடும். காலையில் வண்டி கட்டை வண்டி போலக் குலுங்கும். பெட்டிக்குள் சட்டகத்தின் நடுவில் ஒரு மரக்கட்டை வைத்து, நான்கு சக்கரங்களும் எதையும் தொடாதபடி வண்டியை அதன் மேல் அமர்த்துங்கள். மாட்டுத்தாவணியில் பஸ் ஏறும் முன் பெட்டியைத் திறந்து, ஒவ்வொரு சக்கரத்தையும் விரலால் தட்டி, அது தடையின்றிச் சுழல்கிறதா என்று பார்த்துவிட்டு மூடுங்கள்.